நான்காம் சாட்சியின் தம்பி

1

போன வியாழக்கிழமை மத்தியானம் என் மகள் நிலோஃபர் ஒரு கேக்கின் படத்தை அனுப்பினாள். வெள்ளைக் கிரீம் பூசிய சதுரக் கேக். அதன்மேல் நீல எழுத்தில் ஒரு சட்டத்தின் பெயர், பக்கத்தில் ஒற்றை மெழுகுவத்தி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் காகிதத் தட்டுகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் என் மகளும் நிற்கிறாள். "ஒன் இயர் டுடே, வாப்பா" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் அப்போது வேலையில் இருந்தேன். ஷார்ஜாவில் ரோலாவின் ஒரு சந்தில் இருக்கும் டைப்பிங் சென்டரில் மூன்றாவது நாற்காலி என்னுடையது. விசா புதுப்பிக்க, வாடகைப் பத்திரம் பதிய, மனைவியை அழைத்துக்கொள்ள என்று வருகிறவர்களின் விவரங்களை அரபியில் அடித்துக் கொடுப்பதுதான் வேலை. எதிரில் உட்கார்ந்திருந்த பெஷாவர்க்கார டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கியா ஹுவா பாய்? கிஸ்கா பர்த்டே?" என்றார்.

"பேட்டி கா" என்றேன். மகளுக்குத்தான் பிறந்த நாள் என்று சொல்லிவிட்டேன். அவரும் வாழ்த்துச் சொன்னார். வேறு எப்படி அவருக்குச் சொல்வது?

அந்தச் சட்டம் இதுதான். என் மகள் படிக்கும் மேற்கு நாடு ஆயுதம் செய்து விற்கும் நாடு. விமானம், கவச வண்டி, கண்ணீர்ப் புகைக் குண்டு எல்லாம் வெளிநாட்டு அரசாங்கங்களுக்குப் போகின்றன. இனிமேல் எந்த அரசாங்கத்துக்காவது விற்பதென்றால், அந்த அரசாங்கம் தன் மண்ணில் இருக்கும் மனிதர்களை எப்படி நடத்துகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வழக்கில்லாமல் சிறை வைக்கிறதா, பிடித்துப் போனவர்களை அடிக்கிறதா, வேலைக்கு வந்தவர்களை மனிதர்களாக வைத்திருக்கிறதா என்று அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை மோசமாக இருந்தால் விற்பனை கிடையாது. காகிதத்தில் படிக்க அழகான சட்டம்.

அது பிறந்ததில் எனக்கும் சிறு பங்கு உண்டு. அது ஊனமாகப் பிறந்ததிலும் உண்டு.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் "நீ குவைத்திலா இருந்தாய், சவூதியிலா, கத்தாரிலா" என்று கேட்பார்கள். ஷார்ஜாவுக்கு வரும் முன் இருபத்திரண்டு வருடம் இருந்த அந்த வளைகுடா நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் என் மைத்துனன் இருக்கிறான். என்னிடம் மனு எழுதிக்கொண்ட பலரும் இருக்கிறார்கள்.

2

அங்கே எனக்குச் சொந்தமாக ஒரு டைப்பிங் சென்டர் இருந்தது. சொந்தம் என்றால், லைசென்ஸ் கஃபீல் பெயரில், அதாவது எனக்குப் பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர் பெயரில். கம்ப்யூட்டரும் நாற்காலியும் உழைப்பும் என்னுடையவை. என் கஃபீல் வயதான, மென்மையான மனிதர். பெருநாளைக்குப் பேரீச்சம்பழப் பெட்டி அனுப்புவார்.

அந்தக் கடைக்கு ஒரு செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை செல்வராசு வந்தார். அரியலூர்ப் பக்கம் ஆண்டிமடத்துக்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் கனரக வண்டிகளுக்கு டயர் மாட்டும் வேலை. நாற்பது வயது இருக்கும். கையில் பாஸ்போர்ட் நகல் ஒன்று மடங்கி மடங்கிக் கிழியும் நிலையில் இருந்தது.

"பாய், ஒரு மனு எழுதணும். தம்பிய காணோம்" என்றார்.

தம்பி பெயர் கணேசன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே கேம்ப், ஒரே அறையில் மேலும் கீழும் கட்டில். ஆகஸ்டில் அவர்கள் கேம்ப்புக்கு மூன்று நாள் தண்ணீர் லாரி வரவில்லை. சூபர்வைசரிடம் சொன்னால் "கல் ஆயேகா, கல் ஆயேகா", நாளைக்கு வரும் என்றாராம். நான்காம் நாள் காலை டியூட்டிக்குப் போகும் பஸ்களின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. காலி பாட்டில்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. முப்பது பேர் போல ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் மற்றவர்களை கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். கணேசன் மட்டும் வரவில்லை.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"ஒர்க்ஷாப்ல இருந்தேன் பாய். எனக்கு வெள்ளன டியூட்டி. கேள்விப்பட்டு ஓடியாந்தேன். கேட்டுகிட்ட வண்டி கெளம்பிடுச்சி. அவன் தலைய மட்டும் பாத்தேன்."

நான் அரபியில் மனு அடித்தேன். காவல் நிலையத்துக்கு ஒன்று, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். காவல் நிலையத்தில் கணினியைத் தட்டிவிட்டு "மாஃபி", அப்படி ஆளே இல்லை என்றார்களாம். ஆஸ்பத்திரியில் மாஃபி. ஜெயிலிலும் மாஃபி. கம்பெனியோ, கணேசன் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டு கையைக் கழுவிக்கொண்டது. நம் தூதரகத்தில் கவுண்ட்டர் பெண் நல்ல மாதிரியாகப் பேசினாளாம். "அவங்ககிட்டேர்ந்து பதில் வந்தா நாங்க கூப்பிடுறோம்" என்றாளாம்.

மொத்தம் பதினோரு மனு அடித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் கணேசனின் பெயரை நானே என் கையால் அடித்தேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

3

நிலோஃபர் அந்த நாட்டிலேயே பிறந்தவள். இந்தியப் பள்ளிக்கூடம், ஆனால் தமிழ் கிடையாது. இரண்டாம் மொழி ஹிந்தி, மூன்றாவது அரபி. வீட்டில் என் மனைவி ஜுலைகா தமிழில் கேட்பாள், மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஆறாம் வகுப்பில் ஒருநாள், "வாப்பா, உங்க லாங்வேஜ்ல இதுக்கு என்ன?" என்று எதையோ கேட்டாள். உங்க லாங்வேஜ். ஜுலைகா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். மகள் நன்றாகப் படிக்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

பதினெட்டு வயதில் சட்டம் படிக்கப் போனாள். அங்கே ஒரு மனித உரிமை அமைப்பில் சேர்ந்து மாலை நேரங்களில் வேலை செய்தாள். அந்த அமைப்புதான் நான் மேலே சொன்ன சட்டத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் போனில் பேசும்போது சும்மா பேச்சுக்குச் செல்வராசுவைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் இங்கிலீஷ் கலந்த வீட்டுத் தமிழில் உடனே கேட்டாள்.

"வாப்பா, போலீஸ் என்ன வண்டில வந்துச்சு? அவருக்குத் தெரியுமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். செல்வராசு யோசிக்கவே இல்லை. "மண்ணு கலர்ல பெரிய வண்டி, மூணு. அந்த டயரு நம்மூர்லயெல்லாம் வராது பாய். உள்ளாற கெட்டி ரப்பர் வளையம் இருக்கும். காத்து எறங்குனாலும் ஓடும். அதே மாதிரி வண்டி ஒண்ணு ஒர்க்ஷாப்புக்கு ரிப்பேருக்கு வந்தப்ப கழட்டிப் பாத்திருக்கேன்." டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளையும், கதவுக்குக் கீழே தகட்டில் செய்த நாட்டின் பெயர் பொறித்திருந்ததையும் சொன்னார். என் மகள் படிக்கும் நாடுதான்.

அந்தச் செய்தியைக் கேட்டு மகளின் அமைப்பினர் துள்ளியிருக்க வேண்டும். தண்ணீர் கேட்டவர்களைப் பிடிக்கப் போன வண்டி தங்கள் நாட்டில் செய்தது என்று கண்ணால் பார்த்த ஒருவர், அதுவும் டயரைக் கழற்றிப் பார்த்த ஒருவர். இப்படி ஒரு சாட்சி அவர்களுக்கு அதுவரை கிடைக்கவில்லை.

ஜுலைகாவுக்குப் பிடிக்கவில்லை. "வேணாங்க. புள்ள அங்க உக்காந்துகிட்டு பேசுறா. நாம இங்க இருக்கோம்" என்றாள். இருபத்திரண்டு வருடமாக நானும் அதே ஒழுங்கில்தான் பிழைத்தவன். அரசாங்கத்தைப் பற்றி நல்லதும் பேசாதே, கெட்டதும் பேசாதே. ஆனால் செல்வராசுவிடம் கேட்காமல் இருப்பதும் எனக்கு முடியவில்லை. ஆபத்து உண்டு, வேலை போகலாம், ஊருக்கு அனுப்பலாம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி கெடைப்பானா பாய்?"

"தெரியாது. அந்த நாட்டு நாடாளுமன்றத்துல பேசுனா இங்க உள்ளவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்னு மகள் சொல்றா."

"அப்ப பேசிடுறேன்."

என் வீட்டு வரவேற்பறையில், ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, வீடியோவில் பேச்சு நடந்தது. அந்தப் பக்கம் நிலோஃபரும் அவளுடைய அமைப்பின் வெள்ளைக்காரப் பெண் அலுவலர் ஒருவரும். செல்வராசுவின் தமிழ் என் மகளுக்குப் பிடிபடவில்லை. அதனால் நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். வண்டிக்கு எத்தனை சக்கரம், மேலே துப்பாக்கி இருந்ததா, தகட்டில் என்ன எழுத்து என்று ஒண்ணேகால் மணி நேரம் கேட்டார்கள். ஜுலைகா கொண்டுவந்து வைத்த டீ செல்வராசுவின் முன்னால் ஆடை படிந்து ஆறிப்போனது.

கடைசியில், "அன்னையிலேர்ந்து ஆளக் காணோம்" என்றார். தம்பியைக் காணவில்லை என்ற பொருளில் நான் "மிஸ்ஸிங்" என்று சொன்னேன்.

நிலோஃபர் குறுக்கிட்டாள். "மிஸ்ஸிங் இல்ல வாப்பா. டிஸப்பியர்ட். போலீஸ் பிடிச்சிட்டுப் போய் எங்கன்னு சொல்லலேன்னா லாவுல அந்த வேர்ட்தான். அதுக்குத்தான் வெயிட் இருக்கு."

எனக்கு ஏதோ உறுத்தியது. செல்வராசுவைப் பார்த்தேன். "எந்த வார்த்தையா இருந்தா என்னா பாய், ஆளு கெடைச்சா போதும்" என்றார். "டிஸப்பியர்ட்" என்றே எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்னது தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

4

பெயரை எங்கேயும் வெளியிடவில்லை. நான்காம் சாட்சி என்று மட்டும் போட்டார்கள். ஆனால் டயர் வேலை பார்க்கும் அண்ணன், கூடவே தம்பி, தண்ணீர் வராத கேம்ப், ஆகஸ்ட் மாதம் எல்லாம் இருந்தன. அதற்கு மேல் பெயர் எதற்கு?

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் அதை அவையில் வாசிப்பதை என் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். நரைத்த தலை, உருக்கமான குரல். என் வீட்டுச் சோபாவில் செல்வராசு சொன்ன வாக்கியங்கள் அந்தப் பெரிய மண்டபத்தில் வேறு யாருடையவோ போல ஒலித்தன. "டிஸப்பியர்ட்" என்ற சொல்லை அவர் மூன்று முறை சொன்னார். மறுநாள் அங்குள்ள பத்திரிகைகளில் அதுவே தலைப்பு. நிலோஃபர் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "வாப்பா, எல்லாரும் எழுந்து நின்னாங்க."

மூன்று வாரம் கழித்து என் கடைக்கு வெள்ளைக் கந்தூராவில், அரபிகளின் நீள அங்கியில், ஓர் இளைஞர் வந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். நல்ல மாதிரியாகப் பேசினார். "உன் மகள் எந்த வருடம் படிக்கிறாள்?" என்று கேட்டார். "சட்டமா? மாஷா அல்லாஹ்" என்றார். டீயை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். அன்று மாலைவரை தப்புத் தப்பாக அடித்தேன். இரண்டு படிவங்களைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வாரம் செல்வராசுவுக்கு அழைப்பு வந்தது. போலீஸிலிருந்து இல்லை, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து. தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டார். போனோம்.

ஒரு அலுவலர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். கணேசன் காணாமல் போகவே இல்லை. பிடித்துப் போன நான்காம் நாள், மயங்கிய நிலையில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, அன்றைக்கே இறந்திருக்கிறான். இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று காரணம் எழுதியிருந்தது. எட்டரை மாதமாகப் பிணவறையில் இருக்கிறான். கோப்பில் பெயர் 'ஜனீஸ்' என்றும் நாடு வங்கதேசம் என்றும் இருந்தது.

நான் அந்த அரபி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணேசன் என்று நாம் சொல்லும்போது வருகிற முதல் ஒலிக்கு அரபியில் எழுத்துக் கிடையாது. சிலர் காஃப் போடுவார்கள். நான் எப்போதும் கைன் போடுவேன். எகிப்துக்காரர்கள் ஜீம் போடுவார்கள். அவர்கள் நாட்டில் அதை 'க' போலத்தான் சொல்வார்கள், மற்றவர்கள் 'ஜ' என்று படிப்பார்கள். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததால், காவல் நிலையத்தில் ஓர் எகிப்திய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். நான் பதினோரு மனுவிலும் கைன் போட்டுக் கேட்டேன். கணினி பதினோரு முறையும் நியாயமாகவே 'மாஃபி' என்று சொன்னது.

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, ஒரு மனுவிலாவது மற்ற எழுத்துகளையும் போட்டு, இப்படியும் தேடிப் பாருங்கள் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. செல்வராசுவுக்கு விளக்கிச் சொன்னபோது கூட, "நீங்க என்னா பாய் பண்ணுவீங்க" என்றுதான் சொன்னார்.

பிணவறைக்குக் கூட்டிப்போய் இழுப்பறையைத் திறந்தார்கள். முகம் கறுத்துச் சுருங்கி அடையாளம் தெரியாமல் இருந்தது. செல்வராசு முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையை எடுத்துத் திருப்பினார். கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது.

"இது நான் பண்ணுனது பாய். சுத்தியல் தவறிடுச்சி. ஒரு வாரம் என்கூட பேசல."

அந்தக் கையை அவர் விடவில்லை. அலுவலர் இரண்டு முறை "யல்லா" என்று அவசரப்படுத்தினார். மூன்றாம் முறை நான்தான் அவர் விரல்களைப் பிரித்து விட்டேன்.

அந்த நான்கு நாளில் கணேசனுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கூடப் பிடிபட்டவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "தண்ணி கேட்டுகிட்டே இருந்தான்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

5

அந்த நாட்டு அரசாங்கம் என் மகள் படிக்கும் நாட்டுக்கு ஒரு பக்கப் பதில் அனுப்பியது. அவர் காணாமல் போகவில்லை; ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கிறார்; இயற்கையாக இறந்தார்; சரியான பெயரில் யாரும் விசாரிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வகையில் உண்மை.

அடுத்த அமர்வில் எதிர்த் தரப்பு உறுப்பினர் அதைப் படித்தார். நான்காம் சாட்சி சொன்னது பொய்யென்றால் மற்ற சாட்சிகளை எப்படி நம்புவது என்று கேட்டார். கவச வண்டி செய்யும் தொழிற்சாலை அவருடைய தொகுதியில்தான் இருக்கிறதாம். அங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பங்களைப் பற்றி அவரும் உருக்கமாகவே பேசினார். கணேசன் இறந்துபோனான் என்பதைப் பற்றி இரண்டு தரப்பிலும் யாரும் பேசவில்லை. அவன் காணாமல் போனானா இல்லையா என்பதுதான் வாதமாக இருந்தது.

மசோதா நிறைவேறியது. ஆனால் கடைசியில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். தேசிய நலன் கருதி அமைச்சர் எழுத்து மூலம் விலக்கு அளிக்கலாம் என்று. நிலோஃபர் சட்டத்தை முழுவதும் அனுப்பியிருந்தாள். நான் வாழ்நாள் முழுக்கப் படிவம் நிரப்பியவன். முதல் பக்கத்தைப் படிக்காமல் நேரே கடைசிக்குத்தான் போனேன். எந்தப் படிவத்திலும் முன்னால் இருக்கும் நாற்பது கேள்விகளைச் செல்லாமல் ஆக்கும் ஒரு வரி அங்கேதான் இருக்கும். இதிலும் இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் விலக்கு கையெழுத்தாகி, மண் நிற வண்டிகள் கப்பலேறின.

"சம்திங் இஸ் பெட்டர் தேன் நத்திங், வாப்பா" என்றாள் மகள். "அடுத்த தடவ, கடைசியா சேத்த அந்தக் கிளாஸ எடுத்துடுவோம்."

"அடுத்த தடவ யாரு சாட்சி?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு யோசித்தால், அந்த மண்டபத்தில் யாரோ எழுந்து பேசவில்லை என்றால் கணேசன் இன்னும் ஜனீஸாகவே அந்த இழுப்பறையில் இருந்திருப்பான். ஒரு வண்டியைக்கூட நிறுத்தாத சட்டம் ஒரு சவப்பெட்டியைத் திருச்சிக்கு அனுப்பி வைத்தது. அதே விமானத்தில், விரல் ரேகை எடுத்து, இனி திரும்பி வர முடியாதபடி செல்வராசுவையும் ஏற்றினார்கள். ஊரில் பெட்டியைத் திறக்காமலே எடுத்துப் போனார்களாம். அம்மா கேட்டதற்கு, பெட்டியைத் திறந்தால் போலீஸ் கேஸாகிவிடும் என்று செல்வராசு பொய் சொல்லியிருக்கிறார்.

என் கஃபீல் ஒருநாள் தானே கடைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைசென்ஸ் கலாஸ், முகம்மது" என்றார், முடிந்தது என்று. கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மாத அவகாசம் கொடுத்தார். இருபத்திரண்டு வருட வீட்டைப் பதினான்கு அட்டைப் பெட்டிகளில் கட்டினோம். நிலோஃபரின் பள்ளிக்கூடக் கோப்பைகளை ஜுலைகா துணி சுற்றி எடுத்துக்கொண்டாள். மகளுக்கு அந்த நாட்டுக்குள் இனி விசா கிடைக்குமா தெரியாது. பிறந்த ஆஸ்பத்திரி, படித்த பள்ளி, சிநேகிதிகள் எல்லாம் அங்கே. அவள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல.

6

கேக் படம் வந்த அன்றே சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சட்டம் வந்து ஒரு வருடம் ஆனதால் அதை மறு ஆய்வு செய்கிறார்களாம். விலக்குப் பிரிவை நீக்க இதுதான் சந்தர்ப்பமாம்.

"நான்காம் சாட்சி திரும்பப் பேசினா நல்லாயிருக்கும்னு டீம்ல சொல்றாங்க. இப்ப அவர் இண்டியாலதானே இருக்கார், சேஃப்தானே? கேட்டுப் பாக்குறீங்களா வாப்பா?"

ஜுலைகா அடுப்படியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செல்வராசு இப்போது ஜெயங்கொண்டம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டேன். பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அதை நிறுத்தினார்.

"அந்தச் சட்டத்து மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல பாய். நல்லதுக்குத்தான் பண்றாங்க. ஆனா நான் ஒரு தடவ சொல்லிட்டேன். அத அங்க வச்சு பொய்யின்னாங்க. இன்னொருக்கா போயி, என் தம்பி செத்தது நெசந்தான்னு நானே ரூவிச்சிகிட்டு நிக்கணுமா?"

சரி, வேண்டாம் என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"பாப்பா நல்லாருக்கா? அதயே எங்கிட்ட பேசச் சொல்லுங்களேன்."

மத்தியானம் மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். நிலோஃபர் ஏதோ எழுதி வைத்துக்கொண்டு படிப்பது போலத் தொடங்கினாள். யாரிடமோ கேட்டு எழுதிய தமிழ். "அண்ணே, நான் நிலோஃபர். உங்களுக்கு நடந்ததற்கு நான் மிகவும்..." அங்கேயே நின்றுவிட்டது. பிறகு காகிதத்தை விட்டுவிட்டாள். "ஸாரி அண்ணே. அந்த வேர்டு நான்தான் சொன்னேன். வாப்பா வேணாம்னாங்க."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உறுத்தியது, அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"அட, நீ என்னம்மா பண்ணுவ. சின்னப் புள்ள."

"கோவமா அண்ணே?"

"கோவம்னு இல்ல பாப்பா. அன்னைக்கி அவ்ளோ நேரம் பேசுனோம். வண்டிக்கி எத்தன சக்கரம்னு கேட்டீங்க. தகட்டுல என்ன எழுத்துன்னு கேட்டீங்க. எல்லாம் சொன்னேன். அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு ஒருத்தருமே கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவளுக்குப் புரியவில்லையோ என்று இங்கிலீஷில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணே. நான் எழுத மாட்டேன்."

செல்வராசு சொல்லத் தொடங்கினார். கணேசன் ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் போய், உயரம் ஒரு அங்குலம் குறைந்து திரும்பி வந்தது. அதிலிருந்து யார் உயரமானவரைப் பார்த்தாலும் முறைத்தது. கேம்ப் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பாடி, வெளியே வாளியோடு நிற்பவர்களிடம் திட்டு வாங்கியது. நாய்க்குப் பயந்தது. அண்ணன் மேல் கட்டிலில் ஏறச் சிரமப்படுகிறார் என்று தானே மேல் கட்டிலுக்கு மாறிக்கொண்டு, "எனக்கு ஏசி காத்து வேணும்" என்று சாக்குச் சொன்னது. வேகமான ஆண்டிமடத்துத் தமிழ். நடுநடுவே லாரி ஹாரன் சத்தம். அவளுக்குப் பாதிக்கு மேல் விளங்கியிருக்காது. நான் குறுக்கே போகவில்லை.

ஓர் இடத்தில் செல்வராசு தானே சிரித்துவிட்டார். ஒரு கணம் பிந்தி, அவளும் சிரித்தாள்.